கடலின் சூடும் ஊரின் மழையும்



பிறந்த மண்ணை விட்டு மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் தொழில் நிமித்தம் வாழ்ந்துவரும் தமிழ் மக்களுக்கு ஊரிலிருந்து எச்செய்தி வந்தாலும், நலம் விசாரிப்பதற்கு அடுத்தபடியாக அதில் இடம்பெறுவது மழையேயாகும். முன்னாளில் அஞ்சலட்டையில் எழுதினார்கள். இந்நாளில் கைத்தொலைபேசியில் சொல்கிறார்கள். இடவப்பாதி பிந்திவிட்டது என்றும், துலாமழை விடாமல் பெய்கிறது என்றும், கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்றும் அவர்கள் கூறும் சொற்களின் பின்னே, அனுப்ப வேண்டிய பணம், ஒத்திவைக்க வேண்டிய திருமணம், கடலுக்குப் போன தம்பியைப் பற்றிய கவலை ஆகிய யாவும் மறைந்து நிற்கின்றன. இந்த மழை ஓராண்டு மிகுந்தும் மற்றோராண்டு குறைந்தும் பெய்வதன் காரணம் என்ன? இதற்கு விடை தேடும் விஞ்ஞானிகள் வானத்தை நோக்குவதற்கு முன்னர் கடலின் மேற்பரப்பை நோக்குகிறார்கள். கடல்நீரின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அளந்து, வரப்போகும் பருவத்தின் போக்கைக் கணிக்க முயல்கிறார்கள். அந்தக் கணிப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதை இன்று காண்போம்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை முன்வைத்துப் பேசினால் விஷயம் தெளிவாகும். திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், அதியன்னூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்குத் தெற்கே பாறசாலை. அதையும் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறமும் உறவு ஒன்றே, உணவு ஒன்றே. மரச்சீனியும் தென்னையும் நேந்திரன் வாழையும் இருபுறமும் விளைகின்றன. கிழக்கே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியமலை. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அரபிக்கடல். அம்மலையில் பிறக்கும் நெய்யாறு இவ்வூர்ப் பக்கமாக ஓடிப் பூவாற்றில் கடலைச் சேர்கிறது. மலைக்கும் கடலுக்கும் இடையே இவ்வளவு குறுகிய நிலத்தில் வாழ்பவர்களுக்குக் கடலில் நேரும் சிறு மாறுதலும் விரைவில் தெரிந்துவிடும்.

இவ்வூருக்கு மழைக்காலம் இரண்டு. மலையாள மாதமாகிய இடவத்தின் பாதியில், அதாவது மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ, தென்மேற்குப் பருவக்காற்று மழையோடு வந்து சேர்கிறது. அதனால் அம்மழைக்கு இடவப்பாதி என்றே பெயர். பின்னர் துலாம் மாதத்தில், நம் ஐப்பசியில், மாலை வேளைகளில் இடியும் மின்னலுமாக வருவது துலாமழை. வடக்கே காசர்கோட்டுக்குச் செல்லச் செல்ல இடவப்பாதியின் ஆதிக்கம் மிகும். கிழக்கே நாகப்பட்டினத்துக்குச் செல்லச் செல்ல ஐப்பசி மழையின் ஆதிக்கம் மிகும். கேரளத்தின் ஆண்டு மழையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தென்மேற்குப் பருவத்திலும், தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்திலும் பெய்கின்றன. அதியன்னூரும் அதைச் சூழ்ந்த எல்லைப்புற ஊர்களும் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் எதிர்பார்ப்பவை. ஒரு பருவம் கைவிட்டால் மற்றொன்று காக்கும் என்பது இவ்வூர்க்காரரின் நெடுநாள் நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் உண்டா என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கடலின் சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறிதல் வேண்டும். அடுப்பில் ஒரு பாத்திரம் நீரை வைத்துச் சூடேற்றுகிறோம். நீர் சூடாவதற்கு நேரமாகிறது. சூடானபின் ஆறுவதற்கும் நேரமாகிறது. நிலமும் காற்றும் அப்படியல்ல. பகலில் காய்ந்து இரவில் குளிர்ந்துவிடும். கடலின் மேற்புறத்தில் இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு உள்ள நீர், பூமியைச் சூழ்ந்த காற்று முழுவதும் கொள்ளக்கூடிய அளவு வெப்பத்தைத் தன்னிடம் கொள்ளும். ஆகவே இன்றைய காற்று நாளை மாறிவிடலாம். இன்றைய கடல் பல வாரங்களுக்கு, சில வேளைகளில் பல மாதங்களுக்கு, தன் தன்மையை மாற்றிக்கொள்வதில்லை. நாளைய வானிலையைச் சொல்லக் காற்றைப் பார்த்தால் போதும். அடுத்த பருவத்தைச் சொல்லக் கடலைப் பார்த்தாக வேண்டும்.

கடலிலிருந்து எழும் நீராவிதான் மழையின் மூலதனம். பூஜ்யம் டிகிரியில் உள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம் அந்நீர் முழுவதும் ஆவியாவதற்கு வேண்டும். அவ்வெப்பம் அழிந்துபோவதில்லை, ஆவிக்குள் ஒளிந்து, காற்றோடு நெடுந்தூரம் பயணம் செய்து, ஆவி குளிர்ந்து மேகமாகும் இடத்தில் வெளிப்படுகிறது. வெளிப்பட்டவுடன் அங்குள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று பாய்கிறது. காற்றின் வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவிகிதம் மிகுகிறது. கடலின் மேற்பரப்பு 28 டிகிரி சென்டிகிரேடு அளவைத் தாண்டும் இடங்களில் உயர்ந்த மழைமேகங்கள் எளிதில் திரளுகின்றன. மனித உடலுக்குத் தெரியாத அரை டிகிரி வேறுபாடும் வானத்துக்குத் தெரிகிறது என்பதற்குக் காரணம் இதுவே.

இனி நம் அரபிக்கடலின் ஓராண்டு வாழ்வைக் காண்போம். பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் நேராக விழுகிறது, காற்றும் மந்தம். அப்பொழுது கேரளக் கரைக்கும் லட்சத்தீவுக்கும் இடைப்பட்ட தென்கிழக்கு அரபிக்கடலின் நீர் 30 டிகிரிக்கும் மேல் சூடேறுகிறது. உலகக் கடல்களிலேயே அந்நாளில் மிகச் சூடான பகுதிகளுள் இதுவும் ஒன்று. இந்தக் குறிப்பிட்ட இடம் இவ்வளவு சூடாவதற்கு ஆராய்ச்சியாளர் கூறும் காரணம் வியப்பூட்டுவது. கங்கையும் பிரம்மபுத்திராவும் பிற ஆறுகளும் கொட்டும் நன்னீரும், வங்கக்கடலின் மீது பெய்யும் மழையும் அக்கடலின் மேல்நீரை உப்புக் குறைந்ததாக்குகின்றன. குளிர்காலத்தில் நீரோட்டம் அந்நீரை இந்தியாவின் கிழக்குக் கரை வழியே தெற்கே இறக்கி, இலங்கையைச் சுற்றி, குமரிமுனையைக் கடந்து அரபிக்கடலின் இம்மூலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. உப்புக் குறைந்த நீர் இலேசானது. ஆகவே அது மேலே ஏடு போல் படிகிறது. அடியிலுள்ள குளிர்ந்த கனமான நீரோடு எளிதில் கலப்பதில்லை. கோடையின் வெயில் அந்த மெல்லிய ஏட்டிலேயே தங்கி அதை மிகவும் சூடாக்குகிறது. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் தங்கள் நகரத்தின் அருகே ஓடும் நீரைக் காணும்போது, அதன் ஒரு பகுதி பின்னொரு நாள் தங்கள் ஊர் இடவப்பாதிக்கு முன்னேற்பாடு செய்யப் போகிறது என எண்ணிக் கொள்ளலாம்.

மே மாதத்தின் கடைசியில் இந்தச் சூடான நீரின்மீது மேகங்கள் திரளுகின்றன. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்கக் கரையோரமாக வளைந்து, அரபிக்கடலைக் கடந்து வரும் காற்று நீராவியைச் சுமந்து வந்து மேற்கு மலைத்தொடரில் மோதுகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் நாள் சராசரியாக ஜூன் 1. இந்திய வானிலை ஆய்வுத் துறை இதை மனம்போனபடி அறிவிப்பதில்லை. மினிக்காய், அமினி, திருவனந்தபுரம், புனலூர் முதலிய 14 நிலையங்களில், மே 10ஆம் நாளுக்குப் பின், நூற்றுக்கு அறுபது நிலையங்களாவது தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் மழை பெற்றிருக்க வேண்டும். காற்றின் வேகமும் ஆழமும், வானத்தை மூடிய மேகத்தின் அளவும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் பருவம் பிறந்ததாகக் கொள்வர்.

மழை தொடங்கியபின் கடல் தன் வேடத்தை மாற்றுகிறது. பலத்த காற்று மேல்நீரைக் கலக்குகிறது. மேகம் வெயிலை மறைக்கிறது. கரையோரமாக வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து அவ்விடத்தை நிரப்புகிறது. கோடையில் 30 டிகிரி இருந்த கடல், ஆடி மாதத்தில் கரையோரம் சில இடங்களில் 26 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். இந்தக் குளிர்நீரோடு அடியிலிருந்து உரச்சத்தும் மேலே வருகிறது. அதை உண்டு நுண்ணிய பாசிகள் பெருகும். அப்பாசிகளை உண்டு சாளை மீன் பெருகும். எனவே விழிஞ்ஞத்திலும் பூவாற்றிலும் நீரோடியிலும் ஏழைக் குடும்பத்தின் உலைப்பானைக்கு வரும் சாளையும் கடலின் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டதே. கேரளத்தில் 2012ஆம் ஆண்டு ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை கிடைத்தது; 2016ஆம் ஆண்டு அது 50,000 டன்னுக்கும் குறைந்துவிட்டது. கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வீழ்ச்சியை, அவ்வாண்டுகளில் தொலைதூரத்துப் பசிபிக் கடலில் ஏற்பட்ட வெப்ப மாறுதலோடு தொடர்புபடுத்துகின்றனர்.

பசிபிக் கடலுக்கும் நம் கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அந்தச் சம்பந்தத்தைக் கண்டறிந்த கதை நம் நாட்டிலேயே தொடங்குகிறது. திருவிதாங்கூரில் வானிலையை அளக்கும் வழக்கம் மிகப் பழையது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1837ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அதன் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் 1855ஆம் ஆண்டு அகத்தியமலையின் உச்சியிலேயே ஓர் ஆய்வுக் கூடத்தை அமைத்துக் காற்றையும் வெப்பத்தையும் பதிவு செய்தார். ஆயினும் ஓரிடத்தில் எவ்வளவு அளந்தாலும் அடுத்த ஆண்டின் மழையைச் சொல்ல முடியவில்லை.

1876ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று பல தலைமுறை நினைவில் வைத்திருந்தனர். லட்சக்கணக்கானோர் மாண்டனர்; மேலும் பலர் கப்பலேறிக் கடல் கடந்தனர். இன்று வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் தமிழர் வரலாற்றில் அப்பஞ்சத்துக்கு ஓர் இடமுண்டு. மழை தவறுவதை முன்னரே அறிய வேண்டும் என்னும் கட்டாயம் அதனால் அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. 1875ஆம் ஆண்டு தோன்றிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு, இமயமலையில் பனி மிகுந்தால் அடுத்த பருவமழை குறையும் என்னும் கருத்தை வைத்து முன்னறிவிப்புச் செய்யலானார். அது சில ஆண்டு பலித்தது. பல ஆண்டு பலிக்கவில்லை.

1904ஆம் ஆண்டு அத்துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். வானிலை நூல்களைவிட எண்களை நம்பியவர். உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்குகளை வரவழைத்து, இந்திய எழுத்தர்கள் பலரை அமர்த்தி, கையாலேயே கணக்கிடச் செய்தார். பசிபிக் கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியக் கடலில் தாழ்கிறது. இங்கே உயரும்போது அங்கே தாழ்கிறது என்னும் உண்மை அந்த எண்களுக்கிடையே தென்பட்டது. தராசின் இரு தட்டுகளைப் போன்ற இவ்வசைவுக்குத் தென்பகுதி அலைவு எனப் பெயரிட்டார். அது ஏன் அசைகிறது என்பதை அவர் காலத்தில் அறிய இயலவில்லை. கடலின் மேற்பரப்பு வெப்பமே அந்தத் தராசை அசைக்கும் கை என்பதை 1969ஆம் ஆண்டு ஜேக்கப் பியர்க்னஸ் என்னும் அறிஞர் விளக்கினார்.

அவர் விளக்கத்தைச் சுருக்கமாகக் கூறலாம். சாதாரண ஆண்டுகளில் பசிபிக் கடலின்மீது கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசி, சூடான மேல்நீரை இந்தோனேசியாவின் பக்கமாகத் தள்ளி வைக்கிறது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையில் குளிர்நீர் மேலெழுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்காற்று தளர்கிறது. சூடான நீர் கிழக்கே பரவுகிறது. பெரு நாட்டு மீனவர் கிறிஸ்துமஸ் காலத்தில் இதைக் கண்டதால், குழந்தை ஏசுவைக் குறித்து எல் நினோ என்றார்கள். நடுப் பசிபிக்கின் ஒரு குறித்த பகுதியில் வழக்கத்தைவிட அரை டிகிரி வெப்பம் மிகுந்து பல மாதம் நீடித்தால் விஞ்ஞானிகள் அதை எல் நினோ எனக் கொள்கின்றனர். வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் அது லா நினா. சூடான நீர் இடம் மாறினால் மேகமும் இடம் மாறும். அங்கே காற்று மேலெழ, ஈடு செய்யும் வகையில் நம் பக்கத்தில் காற்று கீழிறங்குகிறது. கீழிறங்கும் காற்றில் மேகம் திரள்வது அரிது. 1972, 1982, 1987, 2002, 2009, 2015 ஆகிய ஆண்டுகளில் எல் நினோ தோன்றியது. அந்த ஆண்டுகளிலெல்லாம் நாட்டில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது.

ஆயின் இதை அசையாத விதியாகக் கொள்ளுதல் கூடாது. 1997ஆம் ஆண்டு எல் நினோ மிகக் கடுமையாக இருந்தது. எல்லோரும் வறட்சியை எதிர்பார்த்தனர். நாட்டின் மழையோ சராசரிக்குச் சற்று மேலாகவே பெய்தது. இந்தப் புதிரை ஆராய்ந்தவர்கள் பசிபிக்கை விட்டு நம் சொந்தக் கடலின் பக்கம் திரும்பினர். 1999ஆம் ஆண்டு சாஜி, கோஸ்வாமி, விநயசந்திரன், யமகடா ஆகிய அறிஞர்கள், இந்தியக் கடலுக்கும் இப்படியொரு தராசு உண்டு என்று வெளியிட்டனர். ஆப்பிரிக்காவின் பக்கம் கடல் சூடேறி, சுமத்திராவின் பக்கம் குளிரும் ஆண்டுகள் சில. இதற்கு நேர்மாறான ஆண்டுகள் சில. இதனை இந்தியக் கடல் இருமுனை நிலை என்பர். மேற்குப் புறம் சூடேறிய ஆண்டுகளில் நம் பருவமழைக்கு அது துணை செய்கிறது. 1997இல் எல் நினோவின் பகையை இந்தத் துணை பெருமளவு ஈடு செய்தது. 2019ஆம் ஆண்டு இந்நிலை மிக வலுவாக அமைந்தது. அவ்வாண்டு நாட்டின் பருவமழை சராசரியைவிட 10 சதவிகிதம் மிகுந்தது.

இப்பொழுது எல்லைப்புற ஊர்க்காரரின் நம்பிக்கைக்கு வருவோம். தென்மேற்குப் பருவத்தைத் தளரச் செய்யும் எல் நினோ, ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவத்தைப் பெரும்பாலும் வலுப்படுத்துகிறது. அதே கடற்சூடு ஒரு பருவத்துக்குப் பகை, மற்றொரு பருவத்துக்கு நட்பு. 2015ஆம் ஆண்டு நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவிகிதம் குறைந்தது; அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியதை யாவரும் அறிவர். 2023ஆம் ஆண்டும் அவ்வாறே. கேரளத்தில் பருவமழை ஜூன் 8ஆம் நாள்தான் தொடங்கியது. 1901ஆம் ஆண்டுக்குப் பின் நாடு கண்ட ஆகஸ்டு மாதங்களுள் மிக வறண்டது அவ்வாண்டின் ஆகஸ்டே. பின்பு அக்டோபர் நடுவில் திருவனந்தபுரம் நகரத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாறாக 2016ஆம் ஆண்டு எல் நினோ விலகிவிட்டது. ஆயினும் இந்தியக் கடலின் தராசு எதிர்ப்புறம் சாய்ந்திருந்தது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது.

எனவே ஒரு பருவம் கைவிட்டால் மற்றொன்று காக்கும் என்னும் நம்பிக்கையில் உண்மை உண்டு. அந்த உண்மைக்கு எல்லையும் உண்டு. காக்க வரும் மழை, மரச்சீனிக் கிழங்கு அழுகும் அளவுக்கும், குலை தள்ளிய வாழை சாயும் அளவுக்கும் ஒரே வாரத்தில் கொட்டிவிடக்கூடும். அருகேயுள்ள பாலராமபுரத்து நெசவாளர் பாவுக்குக் கஞ்சியிட்டுத் தெருவில் நீளமாக விரித்துக் காயவைப்பவர்கள். ஐப்பசியில் விடாத மழை என்றால் அவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. சென்டிமீட்டர் கணக்கில் ஆண்டின் மழை சரியாக இருந்தாலும், வேண்டிய வாரத்தில் இல்லாத மழை குடியானவனுக்கு இல்லாததே.

கடலின் சூடு மழையை மட்டும் தருவதில்லை, புயலையும் தருகிறது. மேற்பரப்பு நீர் 26.5 டிகிரிக்கு மேல், தக்க ஆழம் வரை சூடாயிருந்தால் புயல் வளர இடமுண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்கு அருகே தோன்றிய தாழ்வு மண்டலம், மறுநாள் காலைக்குள் குமரிக்கடலில் ஒக்கிப் புயலாக உருக்கொண்டது. புயல்கள் வழக்கமாக வங்கக்கடலில் பல நாள் வளர்ந்து கரைக்கு வருவன. அதனால் எச்சரிக்கைக்கு அவகாசம் கிடைக்கும். ஒக்கியோ கரைக்கு மிக அருகில், சூடான நீரின்மீது, மிக விரைவாக வளர்ந்தது. எச்சரிக்கை வெளியாகும் முன்பே பூந்துறை, விழிஞ்ஞம் ஊர்களிலிருந்தும், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஊர்களிலிருந்தும் படகுகள் ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டன. நூற்றுக்கணக்கான மீனவர் திரும்பவில்லை. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் அடுத்தடுத்த ஊர்களில் ஒரே வாரத்தில் எழுந்த அழுகுரலை அப்பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. அதன் பின்னரே, கரையிலிருந்து வெகுதூரம் சென்ற படகுகளுக்கும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை சென்று சேரும் கருவிகளை இஸ்ரோ நிறுவனம் உருவாக்கி மீனவர்க்கு வழங்கும் ஏற்பாடு தொடங்கியது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். எல் நினோவும் இருமுனை நிலையும் வரும், போகும். ஆனால் கடலின் அடிப்படைச் சூடே மெல்ல உயர்ந்து வருகிறது. 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் வெப்பமண்டல இந்தியக் கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி அளவு சூடேறியிருப்பதாக மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வைவிட இது மிகுதி. அதே காலத்தில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 சதவிகிதம் குறைந்திருக்கிறது. பெருமழை கொட்டும் நாள்களோ பெருகியுள்ளன. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதனால் வானில் சேரும் கரியமில வாயுவே கடலின் இந்தச் சூடேற்றத்துக்குத் தலையாய காரணம். சூடு மிகுந்த அரபிக்கடலில் கடும் புயல்கள் முன்னைவிட அடிக்கடி தோன்றுவதையும் அண்மை ஆண்டுகளில் காண்கிறோம். தராசு வழக்கம்போல் அசைகிறது; ஆனால் அதைத் தாங்கும் மேடையே உயர்ந்துகொண்டிருக்கிறது எனலாம்.

இவ்வளவையும் அளப்பது எங்ஙனம்? முற்காலத்தில் மாலுமிகள் வாளியில் கடல்நீரை முகந்து வெப்பமானியை வைத்துப் பார்த்துக் குறித்தனர். இன்று செயற்கைக்கோள்கள் வானிலிருந்து அளக்கின்றன. மிதவைகள் கடலில் நின்று அளக்கின்றன. ஆர்கோ எனப்படும் தானியங்கி மிதவை பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, மேலேறி வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செய்தி அனுப்புகிறது. 1999ஆம் ஆண்டு ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இவற்றைத் தொகுத்து, மீன் எங்கே கூடும், அலை எவ்வளவு உயரும் என்னும் அறிவிப்புகளைக் கரையோர மொழிகளில் வெளியிடுகிறது. வானிலைத் துறை ஏப்ரல் மாதத்தில் தென்மேற்குப் பருவத்துக்கான முதல் முன்னறிவிப்பையும், மே மாத இறுதியில் திருத்திய அறிவிப்பையும் தருகிறது.

இந்த அறிவிப்புகளைச் செய்தித்தாளில் படிக்கும்போது வெளிமாநிலத்து நேயர்கள் மூன்று விஷயங்களை நினைவில் கொள்வது நலம். முதலாவது, பருவமழை குறையும் என்று டெல்லியிலிருந்து வரும் அறிவிப்பு நாடு முழுவதற்குமான சராசரியைக் குறிப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களை மட்டும் குறிப்பது. இரு பருவம் பெறும் ஊருக்கு அது பாதிச் செய்தியேயாகும். எல் நினோ ஆண்டு என்று கேள்விப்பட்டால், கோடையில் நீருக்குச் சிக்கனமும், ஐப்பசியில் வெள்ளத்துக்கு ஆயத்தமும் ஆகிய இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இரண்டாவது, முன்னறிவிப்பு என்பது வாய்ப்பின் கணக்கு, அது வாக்குறுதியன்று. பத்தில் ஏழு முறை பலிப்பது மூன்று முறை பலிக்காது. ஆகவே ஊருக்கு அனுப்பும் பணத்தை முழுவதும் ஒரே பயிரிலோ ஒரே பருவத்திலோ போடச் சொல்லாமல், கிணற்றை ஆழப்படுத்தவும், குளத்தைத் தூர்வாரவும், கூரைநீரைத் தொட்டியில் சேர்க்கவும் ஒரு பங்கை ஒதுக்கினால், அது எந்தப் பருவம் எப்படி வந்தாலும் வீணாகாது. மூன்றாவது, ஆழ்கடலுக்குச் செல்லும் உறவினர் இருப்பவர்கள், கார்த்திகை மாதத்தில் குமரிக்கடலைப் பற்றிய எச்சரிக்கையை அற்பமாக எண்ணலாகாது. எச்சரிக்கைக் கருவி படகில் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்பது, வெளியூரிலிருந்து செய்யக்கூடிய உதவிகளில் மிக மலிவானதும் மிக உயர்ந்ததுமாகும்.

மழையை வேண்டிக் கோயிலில் விளக்கேற்றிய நம் முன்னோர்க்குக் கடலின் வெப்பநிலை தெரியாது. ஆனால் எந்த மாதத்தில் எந்தத் திசைக் காற்று வர வேண்டும் என்பதையும், வராவிட்டால் எந்த விதையை எடுக்க வேண்டும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அந்தப் பழைய அறிவோடு இன்றைய கடல் அளவையும் சேர்த்துக்கொள்வதே நமக்குத் தக்கது. அதியன்னூர்க் குடியானவர் ஒருவர் மரச்சீனித் தண்டை எப்பொழுது நடுவது என்று வானத்தைப் பார்த்து நிற்கும்போது, பெரு நாட்டுக் கரை நீரும் சுமத்திராவின் கரை நீரும் அவர் கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருக்கின்றன. அந்த விடையைக் காலத்தே படித்து அவருக்கு எடுத்துச் சொல்லும் வசதி இன்று நம் கையில் இருக்கிறது. வெளியூரில் வாழும் உறவினர் அதைச் சொல்லத் தவறாதிருப்பார்களாக.